அடிபட்ட அணில் குட்டி கையில் கிடைத்தால்

கீழே விழுந்து கிடக்கும் அணில் குட்டியைப் பார்த்ததும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பால் கொடுக்கலாமா என்பதுதான், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உடல் சில்லிட்டிருக்கும் குட்டிக்கு எதுவும் செரிக்காது, வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், மாட்டுப்பாலோ குட்டியின் உடல் சூடான பிறகும் வயிற்றுப்போக்கில்தான் கொண்டுபோய் விடும்.

முதலில் சூடுதான். கையுறையோ தடித்த துணியோ கொண்டு எடுத்து (குட்டிதானே என்று நினைக்காதீர்கள், வலியில் கடிக்கும்) காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் மென்மையான துணி விரித்து விடுங்கள். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமல்லவா. ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். கால் வளைந்திருந்தால் நீங்களே கட்டுப்போட வேண்டாம்.

பூனை கவ்வியதா? காயம் வெளியே தெரியாவிட்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், பூனைப் பல்லின் கிருமி சீக்கிரமே ரத்தத்தில் பரவிவிடும், ஆன்டிபயாடிக் இல்லாமல் பிழைப்பது கஷ்டம். அதுவரை பெட்டியை இருட்டான, சத்தமில்லாத இடத்தில் மூடி வையுங்கள். அப்புறம், பிள்ளைகள் அடிக்கடி திறந்து பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.