வேலையையும் கூலியையும் வைத்து வீட்டின் உடல்நலக் கணக்கை எழுதுவது எப்படி

ஒருவருக்கு வரும் நோயையும் அவர் வாழும் ஆண்டுகளையும் அவர் செய்யும் வேலையும் கைக்கு வரும் வருமானமும் பெருமளவு தீர்மானிக்கின்றன. 1967-இல் லண்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கப்பட்ட ஆய்வில், கடைநிலைப் பணியில் இருந்த ஆண்கள் உயர் அதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இதயநோயால் இறந்தது தெரியவந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. மாதச் சம்பளம் உள்ளவர்களுக்குள்ளேயே இந்த நிலை என்றால், ஆற்றில் தண்ணீர் வந்தால் வேலை, இல்லையென்றால் கடன் என்று வாழும் காவிரி டெல்டாவின் விவசாயக் கூலிக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டு போதும். மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு கூலி, யாருக்கு உடம்பு முடியவில்லை, சுயஉதவிக் குழுக் கடன் தவணை எவ்வளவு என்று எழுதுங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நடவு, பிறகு சம்பா, தாளடி நடவும் களையெடுப்பும், தை, மாசியில் அறுவடை என்று ஆண்டு ஓடும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு, ஒரு காலத்தில் நெல்லாகவே வீட்டுக்கு வந்த அந்தக் கூலி பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே பங்குனி முதல் வைகாசி வரையிலான பக்கங்களில் கூலி குறைவாகவும், தவணை மாறாமலும் இருப்பதைக் காண்பீர்கள். அந்தப் பக்கங்களை மடித்து அடையாளம் வையுங்கள்.

அடுத்து, வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். என் அம்மா நடவுக்குப் போன ஆண்டுகளில் காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கினால் மதியம் வரை தண்ணீரே குடிக்க மாட்டார். தாகம் இல்லாமல் அல்ல, வெட்டவெளி வயலில் சிறுநீர் கழிக்க மறைவிடம் இல்லாததால்தான். மாலையில் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் குனிவார். நீர்க்கடுப்பு அடிக்கடி வந்ததற்குக் காரணம் இதுவே என்பது எங்களுக்கு வெகுநாள் புரியவில்லை. உடலில் நீர் வற்றிய நிலையில் வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏக்கர் கணக்கில் கூலி பேசும்போதே, குடிதண்ணீரும் ஒதுங்குவதற்கு ஒரு கீற்று மறைப்பும் வேண்டும் என்று நடவுக் குழுவாகச் சேர்ந்து கேளுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்களோ என்ற பயம் இருக்கும். குழுவாகக் கேட்டால் அது குறையும்.

நோயாளியிடம் செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1700-லேயே வலியுறுத்தினார். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சேற்றில் நின்று வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். எலியின் சிறுநீர் கலந்த நீர், கால் வெடிப்பு வழியாக உடலுக்குள் போவதால் அது வருகிறது. பூச்சிமருந்து தெளித்தவருக்கு வாயில் நீர் ஊறி, வியர்த்து, பார்வை மங்கினால் 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இனி, செலவுக் கணக்கு. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்குப் போனால் நோயாளியின் ஒரு நாள் கூலியும், துணைக்குப் போனவரின் கூலியும், பேருந்துக் கட்டணமும் போகும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை நடவுக் காலத்தில் நின்றுபோவதற்கு அலட்சியத்தைவிட இந்த இழப்பே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே மடித்து வைத்த கோடைப் பக்கங்களில், கூலி இழப்பு இல்லாத நாட்களில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, அழுத்தம், சிறுநீரகப் பரிசோதனைகளை முடித்துக்கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளரிடம், நடவு நாட்களில் மாலையில் வருமாறும், மாத்திரையை முன்கூட்டியே தருமாறும் கேட்டு வையுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் கோடையிலேயே விண்ணப்பியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை கிடைக்கும். குடும்ப அட்டையும், கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் வருமானச் சான்றும் வேண்டும். ஆளைப் படுக்கையில் போட்டுவிட்டுச் சான்றுக்கு அலைவது பெரும் துன்பம்.

நோட்டின் முதல் பக்கத்தில், வீட்டில் ஒவ்வொருவரும் செய்யும் வேலை, எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார், அன்றாடம் விழுங்கும் மாத்திரை எது என்று எழுதி, குடும்ப அட்டை வைத்திருக்கும் அதே பையில் வையுங்கள். மருத்துவமனைக்குப் புறப்படும்போது யாரும் முதலில் எடுப்பது அந்தப் பையைத்தான்.