மாலை வெயிலில் ஏமாந்த தாள் நெகடிவ்

வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் காலை பத்து மணிக்கு எடுத்த தாள் நெகடிவ் (கேமராவில் ஃபிலிமுக்குப் பதில் புகைப்பட அச்சுத் தாளை வைத்து எடுப்பது) அருமையாக வந்தது. அதே மதிலை மாலை ஐந்தரைக்கு, ஒளிமானி சொன்ன நேரம் கொடுத்தே எடுத்தேன். படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலில் மூன்று நிமிடம் ஆட்டியும் மதில் இருந்த இடம், ஒளியே படாததுபோல் வெள்ளையாகவே கிடந்தது.

டெவலப்பர் கெட்டுவிட்டது என்று புதிதாகக் கலக்கி, மேலும் இரண்டு தாள்களை வீணாக்கினேன். கோளாறு அங்கே இல்லை. அச்சுத் தாள் நீலத்தையும் ஓரளவு பச்சையையும்தான் உணரும். சிவப்பு அதற்கு இருட்டு. இருட்டறையின் சிவப்பு விளக்கில் நாம் அதைக் கையாள முடிவதே அதனால்தான். ஒளிமானியோ எல்லா நிறத்தையும் சேர்த்து அளக்கிறது. மஞ்சள் வெயிலில் முள் நன்றாக ஏறும், தாளுக்கு வேண்டிய ஒளி இருக்காது.

இப்போது நல்ல வெயிலுக்கு ஒளிமானியில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்; அதைக் குறைத்தால் மானி கூடுதல் நேரம் சொல்லும்) 6 வைக்கிறேன். வெயில் மஞ்சளித்தால் 3, சிவந்தால் 1.5. திறந்த வானத்து நிழலில் நீல ஒளியே மிகுதி என்பதால் 6-ஐக் குறைப்பதில்லை.

ஐயம் வந்தால் ஒரு தாளைச் சோதனைக்கு ஒதுக்கிவிடுவேன். கேமராவில் தாளைத் தாங்கும் ஹோல்டரின் இழுப்பு மூடியை முழுக்கத் திறந்து 2 வினாடி. கால் பங்கு மூடி இன்னும் 2. பாதி மூடி 4. முக்கால் மூடி 8. ஒரே தாளில் 2, 4, 8, 16 வினாடிப் பட்டைகள் கிடைக்கும். அன்று மாலை 8 வினாடிப் பட்டையில்தான் கருங்கல்லின் உளித்தடம் தெரிந்தது.