துணையின் ஊர் ஜப்பான் என்றால்: முதல் புத்தாண்டுக்குக் கிளம்பும் முன்

ஜப்பானில் பிறந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தியாவில் குடியிருப்பவர்கள், துணையின் வீட்டுக்கு முதன்முறை போக பெரும்பாலும் புத்தாண்டைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே அதுதான் தீபாவளியும் பொங்கலும். உங்களுக்கு அது வெளிநாட்டுப் பயணம், துணைக்கோ சொந்த வீடு. எதை எங்கே கழற்றுவது, எதை எப்போது சொல்வது என்பதெல்லாம் அவருக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம் என்பதால், உங்களிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. கீழே உள்ளவற்றில் பாதி, நீங்களாகக் கேட்டால்தான் அவர் வாயிலிருந்து வரும்.

முதலில் கொசெகி, அதாவது குடும்பப் பதிவேடு. இந்தியாவில் நடந்த திருமணத்தை மூன்று மாதத்துக்குள் ஜப்பானியத் தூதரகத்திலோ துணையின் ஊர் நகராட்சியிலோ பதிய வேண்டும். பதியாமல் விட்டிருந்தால் அந்த ஏட்டைப் பொறுத்தவரை அவர் இன்னும் கல்யாணமாகாதவர்; துணை என்ற முறையில் விசா கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்காது. பதிந்திருந்தாலும் குடும்ப உறுப்பினராக உங்களுக்குத் தனி இடம் கிடையாது. துணையின் பெயருக்குக் கீழே திருமணக் குறிப்பாகத்தான், வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகானா எழுத்தில் உங்கள் பெயர் வரும். அதைப் பார்த்து மனம் நோக வேண்டாம், வெளிநாட்டவர் எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் இனிஷியலும் அப்பா பெயரும் குடும்பப் பெயர் கட்டத்தில் இடம் மாறி உட்கார்ந்திருப்பது சாதாரணம். பாஸ்போர்ட், விமான டிக்கெட், விசா விண்ணப்பம் மூன்றிலும் பெயர் ஒரே வரிசையில் இருக்கட்டும்.

கொசெகி நகலின் விலை 450 யென். 2024 மார்ச் முதல், சொந்த ஊர் அலுவலகம்தான் என்றில்லை, எந்த நகராட்சி அலுவலகத்திலும் வாங்கலாம். துணையின் பெற்றோரே நேரில் போய் வாங்கி அனுப்பலாம். விசாவுக்குக் கொடுக்கும் நகல் எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. டிசம்பர் பயணத்துக்கு அக்டோபரில் கேட்டால் சரியாக இருக்கும்.

விமான நிலையத்தில் இறங்கியதும் இருவரும் பிரிந்துவிடுவீர்கள். துணைக்கு ஜப்பானியர் வரிசை, உங்களுக்குக் கைரேகையும் புகைப்படமும் எடுக்கும் வெளிநாட்டவர் வரிசை. தங்கும் முகவரியைக் கேட்கும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். மாமியார் வீட்டு முகவரி, ஏழு இலக்க அஞ்சல் எண், தொலைபேசி எண் மூன்றும் உங்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். விசிட் ஜப்பான் வெப் தளத்தில் முன்பே பதிந்து கியூஆர் குறியீட்டை வைத்துக்கொண்டால் வேலை சுலபம். அங்கிருக்கும் நாள் முழுக்க, பக்கத்துக் கடைக்குப் போனாலும், பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்கட்டும். வெளிநாட்டவருக்கு அது சட்டக் கட்டாயம்.

ரயிலில் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பான் ரயில் பாஸ், சுற்றுலா அனுமதியில் வரும் உங்களுக்குக் கிடைக்கும். ஜப்பானியப் பாஸ்போர்ட் உள்ள துணைக்கு, பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் வசிப்பதற்கான சான்று இருந்தால்தான். அது தெரியாமல் இரண்டு பாஸ் வாங்கிவிட்டு மாற்றும் இடத்தில் நிற்காதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. தோக்கியோவிலிருந்து ஒசாகா போக ஒருவழிக்கு ஏறக்குறைய 14,000 யென். வீட்டுக்குப் போய்த் திரும்ப மட்டும் என்றால் பாஸ் கட்டுப்படியாகாது. புத்தாண்டுக் கூட்ட நாட்களில், அந்தப் பாதையின் அதிவேக ரயிலான நொஸொமியின் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவுதான். பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, காலை பத்து மணிக்கு விற்பனை திறக்கும்.

அந்த ரயிலில் நம் பெரிய பெட்டிகளுக்கு இடமில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையைத்தான் முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்ட வேண்டும். அதைவிட விமான நிலையத்திலேயே தக்யூபின் கூரியரில் வீட்டு முகவரிக்குப் போட்டுவிடுவது மேல். பெரும்பாலும் மறுநாள் வந்து சேரும். ஓர் இரவுக்கான துணியும் கொடுக்க வேண்டிய பரிசும் மட்டும் கைப்பையில்.

பெட்டிக்குள் என்ன வைக்கக் கூடாது என்பதில் கவனம். புதுக் கறிவேப்பிலை, மாம்பழம், இறைச்சி சேர்ந்த எதுவும் வேண்டாம். சான்றிதழ் இல்லாத இலையும் பழமும் விமான நிலையத்தோடு போய்விடும். இறைச்சிக்குத் தண்டனை மூன்றாண்டுச் சிறை அல்லது 30 லட்சம் யென் அபராதம் வரை போகும். உலர்ந்த மசாலாப் பொடிகளைத் தாராளமாக எடுத்துப் போகலாம். மருத்துவர் எழுதிய மாத்திரை ஒரு மாதத்துக்கும், கடையில் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்குவது இரண்டு மாதத்துக்கும் மேல் என்றால் முன் அனுமதி வேண்டும். சளி மாத்திரை அட்டையில் சூடோஎஃபெட்ரின் என்று இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது அங்கே தடைசெய்யப்பட்ட பொருள்.

பரிசு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. தனித்தனியாகச் சுற்றியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் மாமியார் அதைப் பக்கத்து வீட்டுக்கும் தோழிகளுக்கும் ஒவ்வொன்றாகப் பங்கிடுவார். ஒற்றை ஒற்றையாகத் தாள் சுற்றிய கடலை மிட்டாய், சிறு பாக்கெட் முந்திரி, நீலகிரித் தேயிலை எல்லாம் எடுபடும். ஒரு கிலோ மைசூர்பாகு டப்பா எடுபடாது. அவர்களுக்கு அந்த இனிப்பும் நெய்யும் அதிகம். வாசலில் வைத்தே கொடுக்காதீர்கள். உள்ளே போய் உட்கார்ந்த பின், பையிலிருந்து வெளியே எடுத்து, இரு கைகளாலும் நீட்டுங்கள்.

வீட்டுக்குள் நுழையும் இடம் கெங்கான். செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் கழற்றியதைத் திருப்பி, நுனி வாசலைப் பார்க்க வைக்க வேண்டும். நடைக்குத் தனிச் செருப்பு, கழிவறைக்கு வேறு செருப்பு, பாய் விரித்த தத்தாமி அறையில் எந்தச் செருப்பும் கிடையாது. கழிவறைச் செருப்போடு கூடத்துக்கு வந்து நிற்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மாமியாரை ஒகாசான், மாமனாரை ஒதோசான் என்று கூப்பிடுங்கள். அம்மா, அப்பா என்றுதான் அர்த்தம். பெயர் சொல்லி அழைப்பது அங்கும் வழக்கமில்லை.

பல வீடுகளில் முன்னோருக்கான புத்சுதான் என்ற மாடம் இருக்கும். வந்ததும் முதலில் அங்கே போய்க் கும்பிட்டால், நீங்கள் எத்தனை ஜப்பானிய வார்த்தை மனப்பாடம் செய்திருந்தாலும் கிடைக்காத நெருக்கம் கிடைக்கும். மண்டியிட்டு உட்காருங்கள். மெழுகுவர்த்திச் சுடரில் ஊதுபத்தியைப் பற்றவைத்து, நுனிச் சுடரைக் கையால் விசிறி அணையுங்கள். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று நம் பாட்டிமார் சொல்வது அங்கும் அதேபோல்தான். சிறு மணியை ஒருமுறை தட்டிக் கைகூப்புங்கள். பத்தி எத்தனை, நட்டு வைப்பதா படுக்க வைப்பதா என்பது புத்தமதப் பிரிவுக்குப் பிரிவு மாறும். மாமியாரை முதலில் செய்யச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளியல்தான் அதிகம் தடுமாற வைப்பது. சோப்பு, ஷாம்பூ எல்லாம் தொட்டிக்கு வெளியே, முக்காலியில் உட்கார்ந்தபடி. உடம்பை முழுக்கக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். 40 டிகிரிக்கு மேலான அந்த வெந்நீர் ஊறுவதற்கு மட்டும், அதே நீரில்தான் வீட்டில் எல்லாரும் அடுத்தடுத்து இறங்குவார்கள். விருந்தாளியான உங்களைத்தான் முதலில் போகச் சொல்வார்கள். முடித்ததும் அடைப்பானைப் பிடுங்கினால் மற்றவர்கள் குளிப்பதற்கு வேறு தண்ணீர் சுட வைக்க வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் அந்தச் சில நாட்களுக்கு விட்டுவிடுங்கள். எண்ணெய் தண்ணீர் மேல் மிதக்கும், தலையணையில் கறை பிடிக்கும். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். குளிர் இன்னொரு விஷயம். பல வீடுகளில் ஆள் இருக்கும் அறையில் மட்டுமே சூடு இருக்கும், நடையும் கழிவறையும் வெளியைப் போலவே சில்லென்றிருக்கும். உள்ளே போடத் தெர்மல் துணி இரண்டு ஜோடியும் கம்பளிக் காலுறையும் அவசியம்.

சைவமா? "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால், உலர்ந்த மீன் சீவலை ஊறவைத்து எடுத்த தஷி சாற்றில் செய்த சூப் வரும். சமைப்பவருக்கு அது உப்பு மாதிரி, மீனாகவே தோன்றாது. கொம்பு கடற்பாசியிலோ ஷீதாகே காளானிலோ எடுக்கும் சாறு உங்களுக்கு ஒத்துவரும் என்பதைத் துணை ஒரு வாரம் முன்பே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டு மேசையில் சொன்னால் மூன்று நாள் சமைத்துவைத்த புத்தாண்டு உணவை மறுத்ததாகிவிடும். ஓசோனி சூப்பில் வரும் மொச்சி அரிசி உருண்டை நம் கொழுக்கட்டை போலத் தெரியும். ஆனால் பசைபோல் ஒட்டும், அவசரமாக விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொண்டு இறப்பவர்கள் ஒவ்வொரு புத்தாண்டிலும் உண்டு. சிறிதாக வெட்டி, மென்று விழுங்குங்கள்.

குழந்தைகளுக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்துக்கு ஒதொஷிதாமா என்று பெயர். புதுத் தாள்களைச் சிறு உறையில் போட்டுக் கொடுப்பார்கள். மொய் மாதிரி ஒரு நாணயம் சேர்ப்பதெல்லாம் அங்கே இல்லை. நான்கு என்ற எண் சாவைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிப்பதால் 4,000 யென் தவிர்க்கப்படும். எந்த வயதுக்கு எவ்வளவு என்பதைத் துணை தன் அண்ணன் அக்காவிடம் கேட்டு ஒத்துப்போகட்டும். நீங்கள் அதிகம் கொடுத்தால் அவர்களுக்குத்தான் சங்கடம். டிசம்பர் 31 முதல் ஜனவரி 3 வரை வங்கி கிடையாது, அதனால் 30-ஆம் தேதிக்குள் புதுத் தாள் மாற்றிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஆண்டில் குடும்பத்தில் யாராவது இறந்திருக்கிறார்களா? இருந்தால் அது மொச்சூ, துக்க ஆண்டு. "புத்தாண்டு வாழ்த்துகள்" என்று சொல்லக் கூடாது.

முதல்முறைக்கு அந்த வீட்டில் மூன்று இரவு போதும். பிறகு இரண்டு நாள் இருவரும் தனியாக வேறு ஊரில் தங்கும்படி அறையை முன்பே பதிந்து, தேதியையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் அறிவித்தால் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று நினைப்பார்கள். புறப்படும் காலையில் படுக்கையை மூன்றாக மடித்து அலமாரிக்குப் பக்கத்தில் அடுக்கி வையுங்கள். கார் தெருமுனை திரும்பும் வரை அவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். திரும்பும் இடத்தில் கண்ணாடியை இறக்கி, ஒருமுறை தலை குனிந்துவிட்டுப் போங்கள்.