மெயில் ஹேக் ஆனால் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதுமா?

மெயில் கணக்கு களவு போனது தெரிந்ததும் பலரும் பதறிப்போய் பாஸ்வேர்டை மாற்றுவார்கள். "என் பெயரில் ஏதாவது வந்தால் திறக்காதீர்கள்" என்று நாலு பேரிடம் சொல்வார்கள். அப்புறம் மறந்துவிடுவார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் ஃபேஸ்புக்கிலோ ஷாப்பிங் கணக்கிலோ வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றியதில் தவறில்லை, அதோடு நிறுத்தியதுதான் தவறு.

உங்கள் கடிதங்களைப் படிப்பதில் திருடனுக்குப் பெரிய ஆசை கிடையாது. உங்களுடைய மற்ற கணக்குகளில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்பதை அழுத்தினால் லிங்க் வந்து விழும் இடம் அந்த இன்பாக்ஸ்தான். அவனுக்கு வேண்டியது அதுதான். 2012 ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் மேட் ஹோனனுக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஹேக்கர்கள் அமேசான் வாடிக்கையாளர் சேவை வழியாக அவருடைய கார்டின் கடைசி நாலு இலக்கத்தைத் தெரிந்துகொண்டார்கள். அதைச் சொல்லி ஆப்பிள் கணக்கைப் பிடித்தார்கள். ஆப்பிள் மெயில் வழியாக ஜிமெயில், அங்கிருந்து ட்விட்டர். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் கூகுள் கணக்கு அழிந்தது. ஐஃபோன், ஐபேட், மேக்புக் மூன்றிலும் இருந்ததெல்லாம் போனது. இத்தனைக்கும் அவர்கள் குறிவைத்தது அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயரை.

நிஜமாகவே ஹேக் ஆனதா என்று பார்க்காமல் விடுவது

உங்கள் முகவரியிலிருந்தே உங்களுக்கு ஒரு மெயில் வருகிறது. "உன் கணினி என் கையில், கேமராவில் உன்னைப் படம் பிடித்திருக்கிறேன், பிட்காயின் அனுப்பு" என்று மிரட்டல். நம்ப வைப்பதற்காக உங்களுடைய பழைய பாஸ்வேர்டு ஒன்றும் அதில் இருக்கும். பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும், ஆனால் பெரும்பாலும் இது ஹேக்கே இல்லை. அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் போலியாகப் போட முடியும். பாஸ்வேர்டு எப்போதோ எங்கோ கசிந்த பட்டியலிலிருந்து எடுத்தது. பதில் போடாமல், பணம் அனுப்பாமல் விட்டுவிடலாம். அந்தப் பாஸ்வேர்டு இன்னும் எங்காவது புழக்கத்தில் இருந்தால் மட்டும் அங்கே மாற்றுங்கள்.

உண்மையிலேயே யாராவது உள்ளே வந்தார்களா என்பதை லாகின் வரலாறுதான் சொல்லும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து பக்கத்தின் அடியில் வலது ஓரம் பாருங்கள், கடைசியாக எப்போது, எந்த வழியில் நுழைந்தார்கள் என்ற விவரம் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் சமீபத்திய செயல்பாடுகளுக்குத் தனிப் பக்கம் உண்டு. ஊர்ப் பெயர் மாறியிருந்தால் உடனே அலற வேண்டாம், மொபைல் இணைப்பு உங்களை வேறு ஊரில் காட்டுவது சகஜம். நீங்கள் வைத்திருக்காத சாதனம், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு அறிகுறியைப் பலர் கவனிப்பதில்லை. திடீரென்று நூற்றுக்கணக்கில் "எங்கள் செய்திமடலில் சேர்ந்ததற்கு நன்றி" வகை மெயில்கள் கொட்டினால் எரிச்சலில் மொத்தமாக அழித்துவிடாதீர்கள். எங்கோ உங்கள் கார்டில் ஒரு பொருள் வாங்கியிருப்பார்கள். அந்த ஒற்றை ரசீது உங்கள் கண்ணில் படாமல் புதைந்துபோக வேண்டும் என்பதற்காகவே இந்தக் குப்பையைக் கொட்டுவது உண்டு. குவியலுக்குள் ஆர்டர், வங்கி சம்பந்தப்பட்ட மெயில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

எச்சரிக்கை மெயிலில் உள்ள பட்டனை அழுத்துவது

2016 மார்ச்சில் ஹிலரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு "உங்கள் பாஸ்வேர்டை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள், உடனே மாற்றுங்கள்" என்று கூகுள் பெயரில் ஒரு மெயில் வந்தது. தொழில்நுட்ப ஊழியர் ஒருவரிடம் கேட்டார்கள். அவர் அது அசல் என்று எழுதிவிட்டார்; போலி என்று எழுத நினைத்ததாகப் பின்னர் சொன்னார். அவரே கூகுளின் சரியான முகவரியையும் பதிலில் கொடுத்திருந்தார். ஆனாலும் போலி மெயிலில் இருந்த லிங்க்தான் அழுத்தப்பட்டது. பொடெஸ்டாவின் ஆயிரக்கணக்கான மெயில்கள் பின்னர் ஊருக்கே தெரிந்தன. எச்சரிக்கை அசலோ போலியோ, அதற்குள் இருக்கும் லிங்க் உங்களுக்குத் தேவையே இல்லை. முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள்.

நோய் பிடித்த கணினியிலேயே உட்கார்ந்து மாற்றுவது

பாஸ்வேர்டு கசிந்தது போலிப் பக்கத்தால் என்றால் ஒரு கதை, கணினிக்குள் புகுந்த திருட்டு மென்பொருளால் என்றால் வேறு கதை. காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்து ஓசியில் தரும் "கிராக்" மென்பொருளோடு சேர்ந்து வருபவை இப்படித்தான். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை மட்டும் அல்ல, நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ கையில் இருந்தால் ஓடிபி கேட்கும் கட்டமே வராது. "இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தேனே, எப்படிப் போனது?" என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் இதுதான். அந்தக் கணினியில் உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டு போட்டால் அதுவும் அவனுக்கே போகும். சுத்தமான வேறொரு சாதனத்தில் மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். அப்புறம் நிதானமாகப் பழைய கணினியைச் சுத்தம் செய்யலாம்.

உள்ளேயே நுழைய முடியாமல் பூட்டப்பட்டிருந்தால் வழிமுறை கொஞ்சம் மாறுகிறது. மீட்புப் பக்கத்தில் நீங்கள்தான் உரிமையாளர் என்று கூகுள் முடிவு செய்வதற்கு, வழக்கமான சாதனமும் வழக்கமான இடமும் பெரிய துணை. அதனால் பாதிக்கப்படாத உங்கள் பழைய ஃபோன் இருந்தால் அதிலிருந்து, வீட்டு இணைப்பில் முயலுங்கள். கேள்விகளைத் தாண்டிப் போகாதீர்கள். சரியாக நினைவில்லை என்றாலும் தோன்றுவதைச் சொல்லுங்கள் என்று கூகுளே சொல்கிறது.

இதில் தாமதம்தான் பெரிய தவறு. மீட்பு எண்ணைத் திருடன் மாற்றியிருந்தாலும், பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்ப கூகுள் 7 நாள் வரை வாய்ப்புத் தரக்கூடும். மைக்ரோசாஃப்டில் பாதுகாப்புத் தகவல்கள் அனைத்தையும் மாற்றினால் 30 நாள் காத்திருப்பு உண்டு, அந்த இடைவெளியில் அசல் உரிமையாளர் அதை ரத்து செய்யலாம். "வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் இந்த வாசல்கள் மூடிவிடும்.

கொல்லைப்புறக் கதவுகளைப் பார்க்காமல் விடுவது

கணக்கு திரும்பக் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். என்னைக் கேட்டால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. உள்ளே இருந்த நேரத்தில் அவன் என்னென்ன ஏற்பாடு செய்துவிட்டுப் போனான் என்று தேட வேண்டும். இதைக் கணினியில் செய்யுங்கள், ஜிமெயிலின் ஃபோன் ஆப்பில் ஃபார்வர்டிங், ஃபில்டர் அமைப்புகள் தென்படாது.

முதலில் ஃபார்வர்டிங். உங்களுக்கு வரும் ஒவ்வொரு மெயிலின் நகலும் அறிமுகமில்லாத முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். புதுப் பாஸ்வேர்டு அதை நிறுத்தாது. ஃபில்டர் இன்னும் தந்திரமானது. "வங்கி", "ஹேக்", "பாஸ்வேர்டு" போன்ற சொற்கள் இருக்கும் மெயிலைப் படித்ததாகக் குறித்து நேரே குப்பைக்கு அனுப்பும்படி விதி போட்டிருப்பார்கள். அவுட்லுக்கில் யாரும் எட்டிப்பார்க்காத ஆர்எஸ்எஸ் (RSS, இணையதளங்களின் புதுச் செய்திகள் வந்து சேரும் இடம்) ஃபோல்டருக்குள் தள்ளுவது பழைய உத்தி. "உன்னிடமிருந்து விசித்திரமாக ஒரு மெயில் வந்தது, நீதானா?" என்று நண்பர் கேட்டதும், அதற்கு "ஆமாம், நான்தான்" என்று உங்கள் பெயரில் பதில் போனதும் உங்களுக்குத் தெரியவே வராது.

பதில் முகவரி என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதையும் பாருங்கள். உங்கள் முகவரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி ஒரு முகவரி உருவாக்கி அங்கே போட்டிருப்பான். கணக்கை நீங்கள் மீட்ட பிறகும் உங்களுக்கு வர வேண்டிய பதில்கள் அவனுக்குப் போகும். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் தானாகச் சேரும் கையெழுத்துப் பகுதியில் லிங்க் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதும் ஒரு பார்வைக்குரியது.

அடுத்து, உள்ளே வரும் உரிமைகள். வேறொருவர் உங்கள் பெட்டியைத் திறக்க அனுமதி, இணைத்த வெளி ஆப்கள், ஆப் பாஸ்வேர்டுகள் (ஓர் ஆப்புக்கு மட்டும் தனியாகக் கொடுத்தவை), மீட்பு எண், மீட்பு மெயில், பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் சாதனத்தைத் திறந்தே நுழையும் வசதி), ஆத்தென்டிகேட்டர் (நுழைவுக் குறியீடு காட்டும் ஆப்) என்று ஒன்றுவிடாமல் பார்த்து, உங்களுக்குத் தெரியாததை நீக்குங்கள். ஃபோன் கையில் இல்லாதபோது பயன்படுத்த முன்பே எடுத்து வைக்கும் பேக்கப் குறியீடுகளில் பழையவற்றை ரத்து செய்து புதிதாக எடுங்கள், அவன் அவற்றைப் படம் எடுத்து வைத்திருந்தால் இரண்டாம் கட்டம் அவனுக்கும் திறக்கும்.

பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதில் கொடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மெயிலைப் பிடிக்க ஒரு மாணவருக்குத் தேவைப்பட்டது அவருடைய பிறந்த நாள், அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தார் என்ற விவரம் மட்டுமே. எல்லாம் இணையத்தில் தேடிக் கிடைத்தவை. சம்பந்தமே இல்லாத பொய்ப் பதிலைப் போட்டுப் பாஸ்வேர்டு மேனேஜரில் (பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமிக்கும் ஆப்) எழுதி வைப்பதே நல்லது.

கணக்கையே அழித்துவிடுவது

வெறுத்துப்போய்ச் சிலர் இதைச் செய்கிறார்கள். அந்த முகவரியை நம்பி இருக்கும் மற்ற கணக்குகளை மீட்கும் வழி அதோடு போய்விடும், நடந்ததற்கான தடயமும் போய்விடும். 2013இல் யாஹூ, பயன்படுத்தாமல் கிடந்த முகவரிகளை வேறு நபர்களுக்குக் கொடுத்தது. முன்னவருக்கு வர வேண்டிய மெயில் பின்னவருக்குப் போய்ச் சேர்ந்தது. முகவரியே வேண்டாம் என்றாலும், எல்லாக் கணக்குகளையும் புது முகவரிக்கு மாற்றி முடிக்கும்வரை பழையதைப் பூட்டி வைத்திருங்கள்.

மீட்டுத் தருகிறேன் என்பவரை நம்புவது

சமூக வலைத்தளத்தில் "என் மெயில் ஹேக் ஆகிவிட்டது" என்று எழுதிப் பாருங்கள், "இன்னாரைத் தொடர்புகொள்ளுங்கள், எனக்கு மீட்டுக் கொடுத்தார்" என்று பதில்கள் வரிசைகட்டும். அனைத்தும் மோசடி. கணக்கு மீட்பதற்கு கூகுளோ மைக்ரோசாஃப்டோ பணம் வாங்குவதில்லை. வெளியிலிருந்து மீட்டுத் தரும் குறுக்கு வழி யாரிடமும் கிடையாது.

மெயிலை மட்டும் சரிசெய்வது

குப்பை ஃபோல்டர் உட்படத் தேடி, நீங்கள் கேட்காத பாஸ்வேர்டு மாற்ற மெயில்கள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எந்தெந்தக் கணக்கைத் தொட்டிருக்கிறான் என்பது அதில் தெரியும். ஜிமெயில் குப்பையில் 30 நாள்தான் இருக்கும். வங்கி, ஃபோன் சேவை, கிளவுட் சேமிப்பு, சமூக வலைத்தளம் என்ற வரிசையில் மாற்றிக்கொண்டே வாருங்கள். அதே பாஸ்வேர்டை வேறெங்கும் வைத்திருந்தால் அதையும்.

நண்பர்களுக்கு மெயிலில் சொல்லாதீர்கள், அந்த மெயிலையே அவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஃபோன் செய்யுங்கள். முக்கியமாக, உங்கள் பெயரில் அவசரமாகப் பணம் கேட்டால் கொடுத்துவிடக்கூடிய வயதானவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, இதை யாரும் செய்வதாகத் தெரியவில்லை. கோப்பு இணைத்த மெயில்களை மட்டும் வடிகட்டி, அனுப்பியவை, வந்தவை இரண்டையும் புரட்டுங்கள். எப்போதோ யாருக்கோ அனுப்பிய அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, கையெழுத்திட்ட படிவம் எல்லாம் அங்கே கிடக்கும். இவை அவன் கையில் இருக்கின்றன என்றே வைத்துக்கொண்டு பட்டியல் போடுங்கள், உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கவோ கணக்குத் தொடங்கவோ முயன்றால் தடுக்கும்படி வங்கியிடம் சொல்லி வையுங்கள். தேவைப்படும் நகல்களை வேறு இடத்தில் சேமித்துவிட்டு, மற்றதையெல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து அழித்துவிடுங்கள்.