டியூட்டி முடிஞ்சும் உடம்பு டியூட்டியிலயே நிண்டா என்ன செய்றது

பொலிஸ்ல இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் அவங்கட வீட்டு ஆக்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறன். ஸ்ட்ரெஸ் எண்டா ஏதோ பெரிய விபத்தையோ கொலையையோ பாத்ததால வாறது எண்டு கனபேர் நினைக்கிறாங்க. அதுவும் இருக்கு, ஆனா ஆளை மெல்ல மெல்லத் தின்னுறது மற்றதுகள்தான். லீவு கிடைக்குமா எண்டு கடைசி வரைக்கும் தெரியாது, மேல இருக்கிறவர் எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டுப் போவார், தமிழ்ல அழுது சொல்ற அம்மாவிட முறைப்பாட்டைக் கேட்டு சிங்களத்தில விளங்கப்படுத்துறதும் நீங்கதான், பிறகு ஊருக்குள்ள போனா சொந்தச் சனமே "இவன் பொலிஸ்" எண்டு கொஞ்சம் தள்ளி நிண்டு கதைக்கும்.

உடம்புக்குள்ள நடக்கிறதை முதல்ல விளங்கிக்கொள்ளுங்க. திருகோணமலையில அனுராதபுரச் சந்தியில ராவு வாகனம் மறிக்கேக்கயும் நிலாவெளியில மூழ்கின ஆளைத் தேடேக்கயும் உடம்பை உஷாராக்கிற அட்ரினலின் சுரப்பு ஏறும், நெஞ்சு வேகமா அடிக்கும், கண் நாலு பக்கமும் பாக்கும். அந்த நேரத்துக்கு அது தேவை, உங்களைக் காப்பாத்துறதே அதுதான். பிரச்சினை என்னெண்டா யூனிபோமைக் கழட்டின உடன அது இறங்காது, இறங்கேக்க ஆளையே சோர வைச்சிரும், அதாலதான் வீட்டுக்கு வந்து கதிரையில விழுந்தா மனுசி கேக்கிறதுக்குப் பதில் வராது, பிள்ளை சிரிச்சாலும் எரிச்சலா இருக்கும். வீட்டுக்காரர் இதை அன்பு குறைஞ்சதா எடுக்கக் கூடாது.

அதால டியூட்டிக்கும் வீட்டுக்கும் இடையில கொஞ்ச நேரம் வையுங்க. ஒரு இருபது நிமிஷம் டச்பே கடற்கரைப் பக்கம் நடந்தாலும் காணும், போனைப் பொக்கெட்டுக்குள்ள வைச்சிட்டு நடக்கோணும். மூச்சை நாலு எண்ணுற வரைக்கும் இழுத்து ஆறு எண்ணுற வரைக்கும் மெதுவா விடுங்க, அஞ்சு நிமிஷம் போதும். வெளிய விடுற மூச்சு நீளேக்க நெஞ்சடிப்பு குறையும், சண்டை பிடிக்க வந்தவரோட கதைக்க முதலும் இதைச் செய்யலாம், ஒருத்தருக்கும் தெரியாது.

நித்திரையைப் பற்றி நான் கொஞ்சம் கூடவே சொல்லுவன், ஏனெண்டா இது கெட்டா மற்றதெல்லாம் கெடும். நைட் டியூட்டி முடிஞ்சு வந்தா ஜன்னலுக்குத் தடிப்பான துணி போட்டு அறையை இருட்டாக்குங்க, வீட்டில ஆக்கள் அந்த நேரம் டிவியைக் குறைக்கோணும். விடியப்புறம் குடிச்ச பிளேன்டியில இருக்கிற, முழிப்பு வைக்கிற கபீன்ல பாதி கிட்டத்தட்ட அஞ்சு மணித்தியாலம் கழிச்சும் உடம்பில நிக்கும், அதால டியூட்டியிட கடைசிப் பகுதியில தண்ணி குடியுங்க. சாராயம் அடிச்சா நித்திரை வரும் எண்டு சொல்லுவாங்க, கண் மூடும்தான், ஆனா ஆழமான நித்திரை உடைஞ்சு நடுவில முழிப்பு வரும், அடுத்த நாள் கோவம் இன்னும் கூடும்.

செத்த பிள்ளையிட உடலைத் தூக்கிற மாதிரி ஒண்டு நடந்தா, அண்டைக்குத் தனிய இருக்காதீங்க. சாப்பிடுங்க, நம்பிக்கையான ஒரு கூட்டாளியோட இருங்க, கதைக்க மனம் வந்தா கதையுங்க, வராட்டி ஒருத்தரும் தோண்டித் தோண்டிக் கேக்க வேண்டாம். மனுசிமாரே, "என்ன நடந்தது" எண்டு கேக்கிறதை விட "சாப்பிட்டியளா, கொஞ்சம் படுங்க" எண்டு சொல்றது உதவும். கெட்ட கனவு, திடீரெண்டு அந்தக் காட்சி கண்ணுக்கு முன்னால வாறது எல்லாம் முதல் கிழமைகள்ல நடக்கிறதுதான், கனபேருக்குத் தானாக் குறையும். ஒரு மாசம் தாண்டியும் நிண்டா, அந்த ரோட்டால போகவே பயந்து சுத்திப் போனா, டொக்டரிட்டப் போகோணும். திருகோணமலை ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்க, பைத்தியக்காரர் போற இடம் எண்டு நினைச்சு பின்வாங்காதீங்க.

கடைசியா ஒண்டு, இதைத் தள்ளிப்போடவே கூடாது. செத்தாப் பரவாயில்ல எண்டு யோசனை வந்தா அண்டைக்கே துவக்கை ஒப்படைக்கக் கேளுங்க, கூட வேலை செய்ற ஒருத்தருக்கு இப்பிடி யோசனை இருக்கிறதை நீங்க கவனிச்சாலும் அவரைத் தனிய விடாம பொறுப்பதிகாரியிட்டச் சொல்லோணும், அது காட்டிக்குடுக்கிறது இல்ல. 1926 எண்டது தேசிய மனநல உதவி இலக்கம், ராவிலயும் எடுக்கலாம், தமிழ்லயே கதையுங்க.