கைவிடப்பட்ட பிராண்டின் பழைய எஸ்.யூ.வி.யை வாங்கலாமா? முதன்முறை வாங்குபவருக்கு ஒரு செய்முறை விளக்கம்

சென்னையில் பழைய எஸ்.யூ.வி. தேடத் தொடங்கும் எவரும், சில நாட்களுக்குள்ளேயே ஒரு ஃபோர்டு எகோஸ்போர்ட்டையோ எண்டெவரையோ ரெனோ டஸ்டரையோ பார்த்து, இவ்வளவு நல்ல வண்டி இந்த விலைக்கா என்று வியந்து நிற்பார்கள். விலை குறைந்திருப்பதற்கான காரணத்தை விற்பவர் மறைப்பதில்லை. நிறுவனம் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது, அல்லது சில மாடல்களோடு ஒடுங்கிவிட்டது என்பது ஊரறிந்த செய்தி. அந்தத் தள்ளுபடி, வண்டியை வைத்திருக்கப்போகும் காலத்தில் நாம் சந்திக்கவேண்டிய சிரமங்களுக்கு ஈடாகுமா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதே இந்த விளக்கத்தின் நோக்கம்.

முதல் படி: எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப்போகிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள்

இதை வண்டி பார்க்கப் போவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். மூன்றாண்டு ஓட்டிவிட்டு மாற்றுபவருக்கு மறுவிற்பனை விலையே பெரிய கவலை; எட்டாண்டு வைத்திருக்க நினைப்பவருக்கு உதிரிபாகமே கவலை. இருவருக்கும் ஒரே வண்டி ஒரே முடிவைத் தராது. வீட்டில் இருக்கும் ஒரே வாகனம் இதுதான் என்றால், ஒரு பாகத்துக்காக இரண்டு வாரம் ஒர்க்‌ஷாப்பில் நிற்பதைத் தாங்க முடியுமா என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நிறுவனம் எந்த வகையில் தேய்ந்தது என்று பாருங்கள்

எல்லாத் தேய்வும் ஒன்றல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் செவ்ரோலே கார்களின் இந்திய விற்பனையை 2017 இறுதியோடு நிறுத்தியது; ஆகவே கேப்டிவா, டிரெயில்பிளேசர் போன்றவற்றில் மிகப் புதியதுகூட வயதான வண்டிதான். ஃபோர்டு 2021 செப்டம்பரில் உள்நாட்டு உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. நம் பக்கத்திலுள்ள மறைமலை நகர் ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றது. இருந்தாலும், வாடிக்கையாளர்களுக்குச் சர்வீசும் உதிரிபாகமும் தொடரும் என்று அப்போதே சொன்னது. நிசான் நாட்டை விட்டுப் போகவில்லை, ஆனால் டெரானோவும் கிக்ஸும் போய், மேக்னைட்டை நம்பியே நெடுங்காலம் கடை நடத்தியது. இந்த மூன்று நிலைகளையும் ‘நின்றுபோன கம்பெனி’ என்று ஒரே பெயரிட்டு அழைப்பதால்தான் பலர் தவறான விலைக்குப் பேரம் பேசுகிறார்கள்.

அடுத்து, நீங்கள் பார்க்கும் வண்டிக்கு உடன்பிறப்புகள் உண்டா என்று கேளுங்கள். டெரானோவும் டஸ்டரும் ஒரே கட்டமைப்பில் ஒரகடம் ஆலையில் பிறந்தவை, அவற்றின் 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் நிசான் சன்னியிலும் இருந்தது. எகோஸ்போர்ட்டின் 1.5 லிட்டர் டீசல் ஃபிகோ, ஆஸ்பயர் கார்களிலும் ஓடுகிறது. எண்டெவர் வெளிநாடுகளில் எவரெஸ்ட் என்ற பெயரில் விற்கப்படுகிறது, ரேஞ்சர் பிக்கப்போடும் பல பாகங்களைப் பகிர்ந்துகொள்கிறது. டிரெயில்பிளேசரோ தாய்லாந்தில் முழுவதுமாகத் தயாராகி இறக்குமதியானது. நம் நாட்டில் அதன் எண்ணிக்கை குறைவு. உடன்பிறப்புகள் மிகுந்த வண்டிக்குப் பாகம் தேடும் மெக்கானிக்கும் மிகுதி.

மூன்றாம் படி: உதிரிபாகத்தைக் கற்பனையில் அல்ல, தொலைபேசியில் விசாரியுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். ஆனால் முடிவை உண்மையில் தீர்மானிப்பது இதுவே. ‘பார்ட்ஸ் கிடைக்குமா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘கிடைக்கும் சார்’ என்ற பொதுவான பதிலே வரும். ஆகவே வண்டியின் மாடல், தயாரிப்பு ஆண்டு, இன்ஜின் வகை ஆகியவற்றைச் சொல்லி, குறிப்பிட்ட சில பாகங்களின் விலையையும் வந்துசேர ஆகும் நாட்களையும் கேளுங்கள்: முன் பம்பர், ஒரு ஹெட்லைட், முன்கண்ணாடி, கதவோரக் கண்ணாடி, கிளட்ச் செட், ஏ.சி. கம்ப்ரஸர், ரிமோட் சாவி. முதலில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்திடமும், பிறகு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலுள்ள உதிரிபாகக் கடைகளில் ஒன்றிரண்டிடமும் இதே பட்டியலைக் கேட்டு, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள்.

இந்தப் பட்டியலில் இன்ஜின் பாகங்கள் குறைவாக இருப்பது தற்செயலல்ல. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், பேரிங் போன்ற தேயும் பாகங்களை போஷ், வேலியோ, பிரேக்ஸ் இந்தியா போன்ற உதிரிபாக நிறுவனங்கள் பல கார்களுக்கும் தயாரிக்கின்றன. கார் நிறுவனம் போனாலும் இவை சந்தையில் இருக்கும். முதலில் தட்டுப்பாடு ஏற்படுவது, அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்துகிற பம்பருக்கும் விளக்குக்கும் கண்ணாடிக்கும் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும்தான். வேளச்சேரி நூறடிச் சாலையில் ஓட்டினால் முன் பம்பர் எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும் என்பதை உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புதுப்பேட்டையைப் பற்றியும் ஒரு சொல். உடைத்துப் பிரித்த வண்டிகளின் கதவு, பானெட், விளக்கு முதலியவை அங்கே கிடைப்பது இத்தகைய வண்டிக்காரர்களுக்குப் பெரும் துணை. ஆனால் ஏர்பேக், பிரேக் பாகங்கள், சீட் பெல்ட் ஆகியவற்றை அங்கே வாங்க வேண்டாம். அவற்றின் முந்தைய வாழ்க்கை உங்களுக்குத் தெரியாது. பிராண்டு சர்வீஸ் மையத்தில் பல்லாண்டு வேலை செய்துவிட்டுச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை வண்டி வாங்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவது நல்லது. அப்படி ஒருவரும் அகப்படவில்லை என்றால் அதுவே ஒரு விடை.

நான்காம் படி: அந்த மாடலின் பெயர்போன பலவீனத்தைத் தெரிந்துகொண்டு பரிசோதியுங்கள்

எந்தப் பழைய காருக்கும் பொருந்தும் பரிசோதனைகளை விட, அந்த மாடலுக்கே உரிய பலவீனம் முக்கியமானது. 2013 முதல் 2017 வரையிலான எகோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்த இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், நெரிசலில் நடுங்குவதற்குப் பெயர்போனது. 2017 நவம்பரில் வந்த புதுப்பிப்பில் வழக்கமான டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே அந்த வண்டியில் ஆண்டே பெரிய விஷயம். 1.0 லிட்டர் எகோபூஸ்ட், பின்னர் வந்த மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் டிராகன் ஆகிய பெட்ரோல் இன்ஜின்களில் டைமிங் பெல்ட், இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். நிறுவனம் வரையறுத்த தரத்தில் இல்லாத ஆயிலை ஊற்றினாலோ, ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டாலோ பெல்ட் சிதைந்து, அதன் துகள்கள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்து, அழுத்தம் குறைந்து இன்ஜினே கெடக்கூடும். இத்தகைய வண்டிக்குச் சர்வீஸ் பில்கள் இல்லையென்றால், ‘நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம்’ என்ற வாய்மொழியை ஏற்காதீர்கள். பெல்ட் மாற்றும் செலவை விலையிலிருந்து கழியுங்கள்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிக்கேற்ப வந்த டீசல் வண்டி என்றால், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். தினமும் ராமாபுரத்திலிருந்து கிண்டி வரை மட்டும் ஊர்ந்த வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடினால்தான் கரி எரிந்து சுத்தமாகும். உங்கள் பயணமும் அதே ஊர்வலம்தான் என்றால் பெட்ரோல் வண்டியைப் பார்ப்பதே உசிதம்.

வண்டியின் கணினியோடு இணையும் ஓ.பி.டி. ஸ்கேனரை மாட்டிப் பிழைக் குறியீடுகளைப் படிப்பது எல்லா வண்டிக்கும் பொருந்தும். ஃபோர்டு வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் பொதுக் கருவிகளைவிட ஆழமாகப் படிக்கிறது. குறியீடுகள் எல்லாம் அப்போதுதான் அழிக்கப்பட்டிருந்தால் அதையும் சில கருவிகள் காட்டிக்கொடுக்கும்.

சென்னை வண்டிக்கு மேலதிகமாக ஒரு பரிசோதனை உண்டு: வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீரில் நின்ற கார்கள் சுத்தம் செய்யப்பட்டுச் சந்தைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும், தரைவிரிப்பின் அடியையும், டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேறு பிராண்டு வண்டியில் வெள்ளம் ஒரு செலவு. எலக்ட்ரானிக் பெட்டி எளிதில் கிடைக்காத பிராண்டில் அது முடிவுரை. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடற்கரையோரப் பகுதிகளில் திறந்தவெளியில் நின்ற வண்டி என்றால், லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதித் துருவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதை இருமுறை செய்வது நல்லது: இரவு முழுவதும் நின்று குளிர்ந்த இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து ஒருமுறை, ஏ.சி. போட்டபடி நண்பகல் வெயிலில் நெரிசலில் ஒருமுறை. சாவி இரண்டும் இருக்கின்றனவா என்று கேட்க மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஆவணங்கள்

அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணை இட்டு, பதிவு நாள், எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ், கடன் அடமானம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். நிலுவை அபராதங்களுக்கு இ-சலான் தளத்தைப் பாருங்கள். கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29ம் 30ம் வேண்டும். புதுச்சேரிப் பதிவு எண் கொண்ட வண்டி மலிவாகத் தெரிந்தால், அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்றுத் தமிழகத்தின் சாலை வரியைக் கட்டி மறுபதிவு செய்யும் செலவைச் சேர்த்துப் பார்த்த பிறகே மலிவு என்று சொல்லுங்கள். டில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடையால் தெற்கே வந்த எண்டெவர்களுக்கும் இதே கணக்குதான்.

ஆறாம் படி: இன்ஷூரன்ஸும் விலையும்

இன்ஷூரன்ஸில் ஒரு நுட்பம் இருக்கிறது. விபத்துக்குப் பின் பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் ஐ.டி.வி. என்று குறிப்பிட்ட காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கருதுவது நம் நாட்டு நடைமுறை. கைவிடப்பட்ட பிராண்டில் ஐ.டி.வி. தாழ்ந்தும் பாகங்களின் விலை உயர்ந்தும் இருப்பதால், வேறு காரில் சரிசெய்துவிடக்கூடிய விபத்து இங்கே வண்டியையே இழக்கவைக்கலாம். ஆகவே வாங்கும் முன்பே இன்ஷூரன்ஸ் மதிப்பீடு கேட்டு, ஐ.டி.வி. நீங்கள் தரப்போகும் விலைக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு மாறாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

விலைக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். விற்பவர் 5 லட்சம் கேட்கிறார். அதே வயதும் அதே கிலோமீட்டரும் கொண்ட, இன்னும் விற்பனையிலுள்ள பிராண்டின் வண்டி 6.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையில் மிச்சமாகும் 1.5 லட்சத்திலிருந்து, வாங்கியவுடன் செய்யவேண்டிய சர்வீஸ், டயர், பெல்ட் ஆகியவற்றில் ஒப்பீட்டு வண்டிக்குத் தேவைப்படாத செலவையும், மூன்றாம் படியில் விசாரித்த பாகங்களில் மிக விலையுயர்ந்த இரண்டின் தொகையையும், நீங்கள் விற்கும்போது கூடுதலாக விழக்கூடிய விலையையும் கழியுங்கள். பிறகும் கணிசமாக மீந்தால் வண்டி உங்களுக்கானது. ஏறக்குறைய சுழியில் வந்து நின்றால், ஓட்டும் இன்பத்துக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்று தெரிந்தே வாங்குங்கள். எண்டெவரின் இருக்கையில் அமர்ந்தவருக்கு அது அற்பக் காரணமாகத் தோன்றாது. எண் எதிர்மறையானால் வாங்க வேண்டாம், அல்லது அந்த அளவுக்குப் பேரம் பேசுங்கள். ஒப்பீட்டு விலையைப் பழைய நினைவிலிருந்து எடுக்காதீர்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. குறைந்து, 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய இன்ஜின் வண்டிகளுக்கு அது 18 விழுக்காடு ஆனதால், புதிய வண்டியின் விலையே இறங்கியிருக்கிறது.

ஏழாம் படி: பணம் கொடுக்கும் நாள்

தொகையை வங்கி வழியாகவே அனுப்பி, வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் கிலோமீட்டரும் எழுதிய கையொப்பமிட்ட சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நிமிடம் வரையான அபராதங்கள் யாருக்கு என்ற தகராறு வராது. இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். விற்பவரின் ஃபாஸ்டேக்கை மூடச் சொல்லிவிட்டு உங்களுடையதைப் புதிதாக வாங்குங்கள். ஓடோமீட்டர் என்ன சொன்னாலும் இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கூலன்ட் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே மாற்றி, பயன்படுத்திய ஆயிலின் தரம் குறிப்பிட்ட பில்லைக் கோப்பில் வையுங்கள். நீங்கள் விற்கும் நாளில், அடுத்து வாங்க வருபவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.