டர்போ வண்டியில் கிளட்ச் வழுக்குகிறதா? பார்ப்பது எப்படி

ரீமேப் செய்த வண்டி, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டியது. நான்காவது கியரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியதும் டர்போ விசிலடிக்கிறது, முதுகு சீட்டோடு ஒட்டுகிறது. அடுத்த நொடி ஆர்.பி.எம். முள் மட்டும் 2,800-லிருந்து 3,300-க்கு மேல் துள்ளுகிறது. ஸ்பீடோமீட்டர் முள் 80-லேயே நிற்கிறது. காலை எடுத்தால் ஆர்.பி.எம். பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதைத்தான் கிளட்ச் வழுக்குவது என்கிறோம். இன்ஜின் சுற்றுகிற அளவுக்கு கியர்பாக்ஸ் சுற்றவில்லை. நடுவில் கிளட்ச் பிளேட் உரசிக்கொண்டே போகிறது.

எனக்கு இது முதலில் நடந்தபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நான்காவது கியரைப் போட்டு, கிளட்சை விட்டார்கள். இன்ஜின் பட்டென்று நின்றது. "கிளட்ச் நல்லா பிடிக்குதே சார்" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்பார்க் பிளக் மாற்றினேன், ஹோஸ் எல்லாம் கழற்றிப் பார்த்தேன், இரண்டு மாதம் வீணானது. அந்தச் சோதனை தப்பில்லை, ஆனால் டர்போ வண்டிக்குப் பத்தாது. நின்ற இடத்தில் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறாது. அந்த நேரத்தில் கிளட்சுக்கு வரும் சுமை, ஓடும்போது வருவதில் ஒரு சின்னப் பங்குதான். அதில் இன்ஜின் நிற்கவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது என்று நிச்சயமாகச் சொல்லலாம். நின்றுவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் கொஞ்சம் கணக்கு

கிளட்சின் பிடிப்பு எதைப் பொறுத்தது? பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் எவ்வளவு பலமாக அழுத்துகிறது, பிளேட்டின் உராய்வு எப்படி, பிளேட் எவ்வளவு பெரியது, எத்தனை பக்கம் உரசுகிறது. அவ்வளவுதான். ரீமேப் இவற்றில் எதையும் மாற்றுவதில்லை. இன்ஜினின் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, மட்டும் கூட்டிவிட்டு, பழைய கிளட்சிடம் "நீயே பார்த்துக்கொள்" என்று விட்டுவிடுகிறது.

இன்னொன்று, கிளட்சுக்குக் குதிரைசக்தி தெரியாது, டார்க் மட்டும்தான் தெரியும். டர்போ இல்லாத ஓர் இன்ஜின் 7,000 ஆர்.பி.எம்.-இல் 150 கிலோவாட் தருகிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் அதன் டார்க் சுமார் 205 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்த டர்போ இன்ஜின் 2,200 ஆர்.பி.எம்.-இல் 340 நியூட்டன் மீட்டர் தந்தால், அந்த நொடியில் அதன் சக்தி வெறும் 78 கிலோவாட்தான். ஆனாலும் கிளட்சை அதிகமாகப் படுத்துவது இரண்டாவது வண்டிதான். அதனால்தான் டர்போ வண்டியில் வழுக்கல் பெரும்பாலும் பூஸ்ட் முழுதாக ஏறும் நடு ஆர்.பி.எம்.-இல் முதலில் தலைகாட்டும்.

முதல் இரண்டு கியரில் இது தெரியாமல் போகலாம். அங்கே ஆர்.பி.எம். சரசரவென்று ஏறிவிடும், டார்க்கில் ஒரு பகுதி இன்ஜினையும் அதோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் சுழற்றவே செலவாகும், பூஸ்ட் முழுதாக நிற்க நேரமும் இருக்காது. நான்கு, ஐந்தாவது கியரில் இன்ஜின் மெதுவாக ஏறும், உச்ச டார்க்கில் நின்று அழுத்தும். நம் சோதனையும் அங்கேதான்.

படி 1: பெடலைக் கேளுங்கள்

வண்டியை எடுக்கும் முன் மிதியடி பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. பிறகு கையால் பெடலை மெல்ல அழுத்துங்கள். கொஞ்ச தூரம் சும்மா ஆடி, அதன் பிறகுதான் கனம் தெரிய வேண்டும். கொஞ்சமும் ஆட்டம் இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் லேசாக அழுத்தப்பட்டே இருக்கலாம். தெரியாமல் நீங்களே கிளட்சைக் கால்வாசி மிதித்துக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம் அது. சில வண்டிகளில் அந்த ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குக் குறைவு. அதனால் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம், வண்டி நகரத் தொடங்கும் இடம். பெடலை விடும்போது கடைசியில், மேலே வந்துதான் பிடிக்கிறதா? பெடல் முன்பைவிடக் கனமாகிவிட்டதா? இரண்டும் சேர்ந்தால் பிளேட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தானே சரிசெய்துகொள்ளும் கிளட்ச் உள்ள வண்டிகளில் பெடலில் மாற்றமே தெரியாது. பெடலை நம்பி மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

படி 2: வழுக்காதபோது என்ன எண் வருகிறது

கிளட்ச் பிடித்திருக்கும் வரை ஒரு கியரில் ஆர்.பி.எம்.-உம் வேகமும் ஒன்றோடொன்று கட்டிப்போட்ட மாதிரி. இதுதான் முழு சோதனைக்கும் அடிப்படை.

வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து தகவலைப் படிக்கும் ஓ.பி.டி. ரீடர் ஒன்றும் அதற்கான ஆப்பும் போதும். பதிவு செய்யும்போது ஆர்.பி.எம்., வேகம், பூஸ்ட் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இருபது விஷயங்களை டிக் செய்தால் ஒவ்வொன்றும் அத்தி பூத்த மாதிரி எப்போதாவதுதான் பதிவாகும்.

நான்காவது கியரில், ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் நிதானமாக ஓட்டி, இரண்டு மூன்று வேகங்களில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு:

60 கி.மீ. வேகத்தில் 2,100
80 கி.மீ. வேகத்தில் 2,800
100 கி.மீ. வேகத்தில் 3,500

மூன்றையும் வகுத்தால் ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு 35 ஆர்.பி.எம். வருகிறது. உங்கள் வண்டியில் வேறு எண் வரும்; டயர் அளவு மாற்றியிருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் உங்கள் வண்டியை அதே வண்டியோடுதான் ஒப்பிடப்போகிறீர்கள். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வைத்திருங்கள்.

படி 3: ஒரே ஒரு முழு அழுத்தம்

காலியான, நேரான, காய்ந்த சாலை வேண்டும். முடிந்தால் பொதுப் போக்குவரத்து இல்லாத மூடிய இடம். வேக வரம்புக்குள் முடியவில்லை என்றால் மூன்றாவது கியரில் செய்யுங்கள் (படி 2-இன் எண்ணையும் அதே கியரில் எடுத்துக்கொள்ளுங்கள்), அல்லது நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டு அளக்கும் டைனோவில் ஏற்றுங்கள். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. பதிவு தானாக ஓடட்டும், அல்லது பக்கத்தில் ஒருவர் பார்க்கட்டும்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நான்காவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.-ஐத் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி, 3,500 வரை போய் விட்டுவிடுங்கள். 1,200, 1,500-இல் இருந்தே அழுத்திப் பார்க்கும் ஆசை வேண்டாம். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் இன்ஜினில் குறைந்த ஆர்.பி.எம்.-இல் அதிகச் சுமை கொடுத்தால், ஸ்பார்க் வரும் முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கலாம். கிளட்சைப் பார்க்கப் போய் இன்ஜினை இறக்க வேண்டியதாகிவிடும்.

இரண்டு முறைக்கு மேல் செய்யாதீர்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 300 நியூட்டன் மீட்டர் டார்க்கில் 550 ஆர்.பி.எம். வழுக்கினால், அந்த நேரத்தில் சுமார் 17 கிலோவாட் சக்தி வெப்பமாக மாறுகிறது. 2 கிலோவாட் ஹீட்டர் எட்டை கிளட்ச் இருக்கும் மூடிய பெல் ஹவுசிங்குக்குள் போட்டு எரிப்பது போல. கருகிய வாசனை அங்கிருந்துதான் வருகிறது. சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும், பிடிப்பு குறையக் குறைய இன்னும் சூடாகும்.

படி 4: பதிவைப் படிப்பது

ஒவ்வொரு வரியிலும் வேகத்தை 35-ஆல் பெருக்கி, பதிவான ஆர்.பி.எம்.-ஓடு ஒப்பிடுங்கள். 80-இல் 2,800 வரவேண்டிய இடத்தில் 3,350 இருந்தால் வித்தியாசம் 550. சந்தேகமே இல்லை, வழுக்குகிறது.

சின்ன வித்தியாசங்களில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஓ.பி.டி. வேகத்தை முழு எண்ணாகவே தருகிறது. ஒரு கிலோமீட்டர் பிசகினாலே நம் கணக்கில் 35 ஆர்.பி.எம். போய்விடும். தவிர, வேகத்தின் அளவு கொஞ்சம் தாமதமாக வரும். வண்டி நொடிக்கு 8 கி.மீ. வீதம் வேகமெடுக்கும்போது அரை நொடி தாமதம் இருந்தால் 4 கி.மீ., அதாவது 140 ஆர்.பி.எம். வித்தியாசம் சும்மாவே தெரியும். எனவே எண்ணைவிட வடிவத்தைப் பாருங்கள். தாமதத்தால் வரும் வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து போகும். வழுக்கல் பூஸ்ட் உச்சம் தொடும் இடத்தில் திடீரென ஒரு திமிலாக எழும். காலை எடுத்த மறுகணம், வேகம் அப்படியே இருக்க, ஆர்.பி.எம். மட்டும் தடாலென்று இறங்கிப் பழைய கணக்கில் வந்து பொருந்தும். அந்த இறக்கம்தான் எனக்கு மிகவும் நம்பிக்கையான சாட்சி.

படி 5: ஆள் மாறாட்டம்

டயர் சுழன்றாலும் ஆர்.பி.எம். துள்ளும். கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டியில், டயர் சுழலும்போது ஸ்பீடோமீட்டரும் சேர்ந்தே ஏறும். கிளட்ச் வழுக்கும்போது ஏறாது. ஏ.பி.எஸ். சென்சாரிலிருந்து எடுக்கும் வண்டியில் இந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரியாமல் போகலாம். டிராக்‌ஷன் விளக்கு மின்னுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த சாலையில் நான்காவது கியரில் டயர் சுழல்வது அபூர்வம் என்பதும் நமக்குச் சாதகம்.

பூஸ்ட் ஹோஸில் ஓட்டை, மிஸ்ஃபயர் எல்லாம் வேறு ரகம். அவற்றில் வண்டி மந்தமாகும் அல்லது குலுங்கும், ஆர்.பி.எம். வேகத்தை விட்டுவிட்டுத் தனியாக ஓடாது.

படி 6: வழுக்குகிறது, சரி. ஏன்?

பலரும் இந்த இடத்தில் நேராகப் பெரிய கிளட்ச் வாங்கப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பூஸ்டைக் குறைத்துப் பாருங்கள். ரீமேப்பை நீங்களே மாற்றும் வசதி இருந்தால் கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றி, அதே சாலையில் அதே கியரில் மறுபடி ஒரு முறை. வழுக்கல் முழுதாகப் போய்விட்டால், இந்த டார்க்கை இப்போதுள்ள கிளட்சால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். கம்பெனி மேப்பிலும் வழுக்கினால் பிளேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று அதை முழுதாக அழுத்த விடாமல் தடுக்கிறது. இந்த மூன்றுக்கும் பெரிய கிளட்ச் மருந்தில்லை.

எண்ணெய்க்கு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கியர் ஆயிலுக்கு கந்தக நெடி தனியாகத் தெரியும். இன்ஜின் ஆயில் என்றால் கிராங்க்கின் பின்பக்க சீல் மீது சந்தேகம். டர்போ வண்டியில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பூஸ்ட் கூடினால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவும் கூடும். அதை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். வால்வைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றினால் புது பிளேட்டும் சீக்கிரமே நனையும்.

வண்டி சூடானால் மட்டும் வழுக்கி, ஆறினால் சரியாகிறதா? ஹைட்ராலிக் பக்கம் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை அடைத்திருந்தாலோ, வேறு பெடல் மாட்டும்போது பெடலையும் சிலிண்டரையும் இணைக்கும் புஷ்ராடை இறுக்கி வைத்திருந்தாலோ, பெடலை விட்ட பிறகும் குழாயில் அழுத்தம் தங்கிவிடும். வழுக்கும் நேரத்தில் வண்டியை நிறுத்தி, பெடலை யாரும் தொடாமல், குழாயிலிருந்து காற்றை எடுக்கும் பிளீடர் நிப்பிளைத் திறந்தால் திரவம் பீய்ச்சி வரும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், சூடான பாகங்களில் கை படாமல் பாருங்கள், வண்டியை ஸ்டாண்டில்தான் நிறுத்த வேண்டும். குழாயில் உள்ள பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரியும். இதைச் செய்து பழக்கமில்லை என்றால் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். பிறகு காற்றை எடுத்துவிட மறக்காதீர்கள்.

அடுத்து

டார்க்தான் பிரச்சினை என்றால் உடனே கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ட்யூனரிடம் நடுப்பகுதியில் உள்ள டார்க் மேட்டை மட்டும் கொஞ்சம் தட்டையாக்கச் சொல்லுங்கள். உச்ச சக்தி மேல் ஆர்.பி.எம்.-இல்தானே வருகிறது, அது பெரிதாகக் குறையாது. வழுக்கி வழுக்கிப் பளபளப்பாகிவிட்ட பிளேட் இதனால் தேறாது, ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் நிறைய நாள் ஓடும்.

கிளட்சை மாற்றுவதாக முடிவு செய்தால், உங்கள் உச்ச டார்க்கைக் கேட்டு அதற்கு மேல் கொஞ்சம் மட்டும் கூடுதலாக வாங்குங்கள். தேவைக்கு மேல் முரட்டு கிளட்ச் போட்டால் நெரிசலில் இடது கால்தான் அழும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ஃப்ளைவீலில் நீலம் பாரித்த திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல் என்றால் ஆட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

புது கிளட்ச் மாட்டியதும் முழு பூஸ்ட் கொடுத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தயாரிப்பாளர் சொல்லும் தூரம் வரை, பெரும்பாலும் 500 முதல் 800 கி.மீ., நின்று நின்று போகும் ஊர் ஓட்டமாக ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் போன கிலோமீட்டர் பாதிக்கூட உதவாது, ஏனென்றால் கிளட்ச் பழகுவது ஒவ்வொரு முறை பிடித்து விடும்போதுதான். அது முடிந்ததும் பழைய தாளை எடுத்து, அதே சாலை, அதே நான்காவது கியர், ஒரே ஒரு முழு அழுத்தம். வரும் எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.